ஓமோன் குளிசையும் பழ ஈயின் மூளையும்

போன மாதம் ஒரு பின்னேரம் என் தங்கச்சி கிளினிக் கொப்பியோடு வீட்டுக்கு வந்தாள். இரண்டாவது பிள்ளை, ஒன்பதாவது கிழமை. தைரொயிட் சுரப்புக் குறைவு என்று தைரொட்சின் குளிசை கொடுத்திருக்கிறார்கள். ஊரில் யாரோ “ஓமோன் மருந்து வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது” என்று சொல்ல, நான்கு நாட்களாக அதை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

“நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள்தானே காக்கா, சொல்லுங்களேன்.”

மருந்தைப் பற்றி நான் சொல்லக்கூடாது, காலையிலேயே கிளினிக்குக்குப் போ என்றேன். ஆனால் அவளுக்குக் காரணமும் வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயம் அவளுக்கு மட்டும் உள்ளதல்ல. ஓமோன், ஸ்டீரொயிட் என்ற சொற்களைக் கேட்டாலே எங்கள் பிள்ளைகளுக்கு ஜிம் ஊசியும் முகம் வெளுக்கப் பூசும் கிரீமும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

மாம்பழக் காலத்தில் வீட்டுக்கு வரும் சின்னஞ்சிறு பழ ஈயிலிருந்து தொடங்குகிறேன். அதன் குடம்பியின் மூளையில் தண்டுக் கலங்கள் இருக்கின்றன. இவை பிரிந்து பிரிந்து நரம்புக்கலங்களையும் அவற்றைத் தாங்கும் துணைக்கலங்களையும் உண்டாக்கும் தாய்க் கலங்கள். அவற்றில் ஒரு விசேட வகை, மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டே எட்டுத்தான். முதலில் ஒருவகை நரம்புக்கலங்களை உண்டாக்கும் அதே தாய்க் கலம், பிறகு வேறு வகைகளை உண்டாக்குகிறது. மாறவேண்டிய நேரம் அதற்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு ஒரு விடையை 2017இல் வெளியிட்ட குழுவின் முதல் ஆய்வாளர் முபாரக் ஹுசைன் சையத், காஷ்மீரைச் சேர்ந்தவர். அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் டோவின் ஆய்வுகூடத்தில் செய்த வேலை அது. ஈ தோலுரிப்பதற்கும் கூட்டுப்புழுவாவதற்கும் காரணமான எக்டைசோன் என்ற ஸ்டீரொயிட் ஓமோன்தான் இந்தத் தண்டுக் கலங்களுக்கும் நேரம் சொல்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். குடம்பி பொரித்து ஏறத்தாழ 60 மணித்தியாலங்களில் இளமைக்கால பரம்பரையலகுகள் அணைந்து, பிற்காலத்துக்குரியவை விழிக்கின்றன. மூளையை வெளியே எடுத்து ஓமோன் இல்லாத ஊடகத்தில் வளர்த்தபோது அந்த மாற்றம் நடக்கவில்லை. ஓமோனைச் சேர்த்தபோது நடந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்த பகுதி வேறு. ஓமோன் வந்தால் மட்டும் போதாது, கலத்துக்குள் அதைப் பிடிக்கும் வாங்கி இருக்கவேண்டும். கடிதம் வந்தாலும் வாசிக்க ஆள் வேண்டுமல்லவா? அந்த வாங்கியை இந்தத் தண்டுக் கலங்கள் 55 மணித்தியாலமளவில்தான் உண்டாக்கத் தொடங்குகின்றன. அதற்கு வழிவிடும் பரம்பரையலகின் பெயர் செவன்-அப் (ஆம், சோடாவின் பெயர்தான்). அது பழுதானால் வாங்கி இல்லை, கலம் இளமையிலேயே நின்றுவிடுகிறது.

ஈயின் கதை மனிதருக்கு எதற்கு என்று கேட்கலாம். தைரொட்சின் இரசாயன அமைப்பில் ஸ்டீரொயிட் அல்ல. ஆனால் அதன் வாங்கி, எக்டைசோன் வாங்கி இருக்கும் அதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் கலத்தின் கருவுக்குள் இருந்து பரம்பரையலகுகளை விழிக்கவும் உறங்கவும் வைப்பவை.

இறக்காமத்து வயல் வரம்பில் வாற்பேத்தை தவளையாவதும் இதே தைரொயிட் ஓமோனால்தான். 1912இல் குடர்னாட்ஷ் என்பவர் வாற்பேத்தைகளுக்குக் குதிரையின் தைரொயிட் சுரப்பித் துண்டுகளைக் கொடுத்தார். அவை வளருமுன்னே உருமாறி, ஈயளவே உள்ள தவளைகளாயின. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் இதை முதன்முதல் வாசித்தபோது சிரித்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை. நல்ல ஓமோனும் நேரம் தவறி வந்தால் என்னவாகும் என்பதல்லவா அது!

தங்கச்சியின் விடயம் இதன் மறுபக்கம். வயிற்றிலுள்ள சிசுவின் தைரொயிட் சுரப்பி 12ஆவது கிழமையளவில்தான் வேலையைத் தொடங்குகிறது. போதியளவு சுரக்க கர்ப்பகாலத்தின் பாதியாகும். ஆனால் மூளை அதற்காகக் காத்திருப்பதில்லை, தண்டுக் கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அந்தக் கிழமைகளில் சிசுவுக்குக் கிடைப்பது உம்மாவின் இரத்தத்திலிருந்து வரும் ஓமோன் மட்டுமே. அவளிடம் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும். இந்த ஓமோனை உண்டாக்க அயடீன் வேண்டும். இலங்கையில் 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கியது கழுத்து வீக்கத்துக்காக மட்டுமல்ல, பிள்ளைகளின் மூளைக்காகவும்தான்.

ஆக, அவள் நிறுத்தியது வெளியிலிருந்து புதிதாகப் போடும் ஏதோவொன்றை அல்ல, உடம்பு தானே சுரக்கவேண்டியதன் ஈட்டை. அளவு கூடினாலும் குறைந்தாலும் பிழைதான். அதனால்தான் இரத்தத்தைச் சோதித்து அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

மறுநாள் கிளினிக்கிலிருந்து வந்தவள் குளிசையைத் திரும்பத் தொடங்கிவிட்டதாகச் சொன்னாள். வேறொன்றும் தெரியவந்ததாம். இவ்வளவு நாளும் தைரொட்சினையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாகவே விழுங்கியிருக்கிறாள். இரும்பும் கல்சியமும் தைரொட்சின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும், நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். இப்போது தைரொட்சினை விடிய வெறும் வயிற்றில் எடுக்கிறாள், இரும்பு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு.