மை பூசிய பாட்டு

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் அம்மையார் (1830–1886) இயற்றிய ஏறக்குறைய 1800 பாடல்களுள், அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பத்தளவே. தம் பாடல்களை எவருக்குங் காட்டாது ஒளித்தவரென அவரைக் கூறுவாருளர். அது முற்றும் பொருந்தாது. சூசன் கில்பேட் என்னும் பெண்மணி ஒருவருக்கே 250க்கு மேற்பட்ட பாடல்களை அனுப்பியுள்ளார்.

சூசன், 1856இல் எமிலியின் தமையனார் ஒஸ்ரினை மணந்து அயல் வீட்டிற் குடிபுகுந்தவர். மணத்துக்கு முன்னரே எமிலி அவருக்கு வரைந்த கடிதங்களிற் பிரிவாற்றாமை ததும்புகின்றது. அதனை வெறும் மைத்துனியர் நட்பென்று கூறி அமைய எமக்கு மனம் ஒருப்படவில்லை. ஓர் ஆடவனுக்கு எழுதியிருப்பின் காதலென்று கூறத் தயங்குவோமா?

சூசனைக் குறித்து 1858 அளவில் எமிலி பாடிய பாட்டொன்றுண்டு. எமிலி தம் கையாற் றைத்து வைத்திருந்த ஏட்டில், அதன் அடிகளைப் பின்னர் யாரோ மை பூசி மறைத்துவிட்டனர். கடிதங்கள் சிலவற்றிலும் சூசனின் பெயர் அழிக்கப்பட்டுள்ளது. 1890இல் வெளிவந்த முதற்றொகுப்பைப் பதிப்பித்த இருவருள் ஒருவரான மேபல் டொட், ஒஸ்ரினின் காதலியாயிருந்தவர். அழித்த கை அவருடையதோ, ஒஸ்ரினுடையதோ என ஆய்வாளர் வாதிடுவர்.

ஆயினும் பாட்டு அழியவில்லை. சூசனுக்கு அனுப்பிய பிரதி அவரிடம் பத்திரமாயிருந்தது. 1913இல் அவர் காலமானார்; மறு ஆண்டே அவர் மகள் மார்த்தா, தாயாருக்கு வந்த பாடல்களை நூலாக வெளியிட்டார்.