உங்களுக்குத் தெரியுமா? பால்பண்ணையில் முதல் வேலை

எழும்பூரிலிருந்து விழுப்புரம் போகிற ரயில்பாதையில், திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் வருகிறது ஒலக்கூர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்குள் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றுவதோடு பலருக்குக் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பாலைக் காய்ச்சி, குளிரவைத்து, பாக்கெட்டில் அடைக்கும் இடத்தில் கடைநிலை வேலைக்குச் சேர்கிறவர் என்னதான் செய்கிறார்? இந்த வாரத் துணுக்குகள் அவரைப் பற்றி.

★

பால்பண்ணையில் புதிதாகச் சேர்ந்தவர் பாலைத் தொடுவதைவிடத் தண்ணீரைத் தொடுவதுதான் அதிகம். கழுவுவதே பாதி வேலை. குழாய்களையும் தொட்டிகளையும் கழற்றாமல் உள்ளேயே கழுவும் முறைக்கு 'சி.ஐ.பி.' என்று பெயர். முதலில் தண்ணீர், பிறகு சூடான காஸ்டிக் சோடா கரைசல், மறுபடி தண்ணீர், அடுத்து நைட்ரிக் அமிலக் கரைசல், கடைசியில் மறுபடியும் தண்ணீர். ஏன் இரண்டு மருந்து? கொழுப்பையும் புரதத்தையும் காஸ்டிக் கரைத்துவிடும். ஆனால் சூடான எஃகில் பாலின் கால்சியம் உப்புகள் படிந்து கல்லாக இறுகிவிடும். அது அமிலத்துக்குத்தான் மசியும். இந்தக் காரணம் தெரியாமலேயே பல வருடம் வால்வைத் திறந்து மூடுகிறவர்கள் உண்டு. பல்கலைக்கழகங்களிலும் பால்பண்ணை உண்டு. அங்கே வேலை பார்ப்பவருக்கு உள்ள லாபம் இதுதான்: 'ஏன் சார்?' என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பேராசிரியர் பக்கத்திலேயே இருப்பார்.

★

இந்தியாவின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நம்முடையது. 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியை வேராகக் கொண்டு, 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. மாடு வளர்ப்பும் வைத்தியமும் மட்டுமல்ல, கறந்த பாலை என்ன செய்வது என்பதும் அங்கே பாடம்தான். அதற்கான கல்லூரி திருவள்ளூர் மாவட்டம் கொடுவள்ளியில் இருக்கிறது. பால்வளத் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கிறவர் ஆலைக்குள் இறங்கிப் பயிற்சி எடுத்துத்தான் ஆகவேண்டும்.

★

பாலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்க்கக் கந்தக அமிலம் வேண்டும்! சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் கெர்பர் 1890களில் கொண்டுவந்த முறை இது. பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயில் 10 மில்லி அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். அமிலம்தான் முதலில், பாலை அதன்மேல் குழாயின் ஓரமாக மெல்ல வழியவிட வேண்டும். அவசரப்பட்டால் கொதித்துத் தெறிக்கும். மூடிக் குலுக்கினால் உள்ளே பழுப்பாகிவிடும், குழாயைக் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். சுழற்சி எந்திரத்தில் சுற்றி எடுத்தால் கொழுப்பு மட்டும் தனியே மேலேறி அளவுகோலில் நிற்கும். இப்போது பல சொசைட்டிகளில் எலெக்ட்ரானிக் அனலைசர் வந்துவிட்டது, நொடிகளில் சீட்டு கிடைக்கிறது. ஆனால் அந்தக் கருவி சொல்வது சரிதானா என்று சோதிக்க இன்றும் கெர்பர்தான் சாட்சி. ஃபேட்டையும் எஸ்.என்.எஃப்.ஐயும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்த்துத்தான் பால்காரருக்குக் காசு என்பதால், இந்த மேஜையில் கை நடுங்கினால் எங்கோ ஒரு வீட்டின் வரும்படி குறையும்.

★

'பாஸ்டரைஸ்' செய்வதற்குப் பெயர் தந்த விஞ்ஞானி லூயி பாஸ்டர் காய்ச்சியது பாலை அல்ல, ஒயினை! பாலுக்கும் இந்த முறை பொருந்தும் என்று 1886இல் சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் சாக்ஸ்லெட்.

★

பால்பண்ணையில் பாலைக் கொதிக்கவிடுவதில்லை. 72 டிகிரி செல்சியஸ், 15 நொடி. அவ்வளவுதான், உடனே 4 டிகிரிக்கு இறக்கிவிடுவார்கள். சூடு ஒரு டிகிரி குறைந்தால்? பால் அந்த 15 நொடி ஓடும் குழாயின் முடிவில் ஒரு வால்வு காவல் காக்கிறது. போதிய சூடு இல்லாத பாலை அது தானாகவே திருப்பி, ஆரம்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. வெளியே போகும் சூடான பாலின் வெப்பத்தைக்கொண்டே உள்ளே வரும் குளிர்ந்த பாலைச் சூடாக்குகிறார்கள். வெப்பத்தில் பெரும்பகுதி இப்படித் திரும்பக் கிடைத்துவிடுவதால் பாய்லருக்கு வேலை கொஞ்சம்தான்.

★

அரை லிட்டர் பால் அரைக் கிலோ அல்ல; சுமார் 515 கிராம். ஒரு பிளாஸ்டிக் டப்பில் 24 பாக்கெட் அடுக்கினால், டப்பையும் சேர்த்து 13 கிலோவைத் தாண்டும். கடைநிலை ஊழியர் ஒரு ஷிப்டில் இப்படி எத்தனை டப் தூக்குகிறார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இடுப்புக்குத்தான் முதலில் தெரியும்.

★

கத்திரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டு வேலை செய்யும் தமிழர்கள் உண்டு: பால்பண்ணையின் குளிர் அறை ஊழியர்கள். வெளியே 40 டிகிரி, உள்ளே 4.

★

உணவுத் தொழிலாளர் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை கட்டாயம். குடல் காய்ச்சலுக்குத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாம் வாசலோடு சரி.

★

கொட்டிய பாலைத் தண்ணீர் அடித்துச் சாக்கடையில் தள்ளிவிடலாமா? கூடாது. தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சுவதில் வீட்டுக் கழிவுநீரைவிடப் பால் நூற்றுக்கணக்கான மடங்கு மோசம். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும். அதனால்தான் ஒவ்வொரு பால்பண்ணைக்கும் பின்னால் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். புது ஆளிடம் முதல் நாளே 'சிந்தாதே' என்று சொல்வது கஞ்சத்தனத்தால் மட்டுமல்ல.

★

மாட்டுக்கு மடிநோய் ஊசி போட்ட கையோடு அந்தப் பாலை ஊற்றினால், ஆலையில் தயிர் உறையாது. மருந்து, தயிராக்கும் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். டாக்டர் சொன்ன நாள்வரை பாலைத் தனியாக ஒதுக்குங்கள் என்று ஆலைக்காரர்கள் கெஞ்சுவது இதற்காகத்தான்.

★

காந்தி பால்பண்ணைப் பாடம் படித்திருக்கிறார்! 1927இல் உடல்நலம் தேற பெங்களூரில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த இம்பீரியல் கால்நடை, பால்வள நிறுவனத்துக்குப் போய் மாடு வளர்ப்பையும் பால் தொழிலையும் கற்றுக்கொண்டார். அப்போது வயது 57. புது வேலை கற்க வயதாகிவிட்டது என்று சொல்பவர்கள் கவனிக்க.

பிற்பாடு அதே நிறுவனத்துக்கு இன்னொருவர் பயிற்சிக்கு வந்தார். சென்னை லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன். அரசு உதவித்தொகைக்காகப் பால் பொறியியல் என்ற பெயரில் அமெரிக்காவின் மிச்சிகனுக்குப் போனவர். மனசெல்லாம் வேறு படிப்பில். 1949இல் குஜராத்தின் ஆனந்த் ஊரில் அரசு வெண்ணெய் ஆலையில் வேண்டாவெறுப்பாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். அப்புறம் நடந்தது அமுல்.

★

அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் பால்பண்ணையில் மாணவர்களே சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அங்கே செய்யும் 'கூகர் கோல்டு' பாலாடைக்கட்டி தகர டின்னில் அடைத்து, குறைந்தது ஒரு வருடம் பழுத்த பிறகே விற்பனைக்கு வரும். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 1892இலிருந்து ஐஸ்கிரீம் செய்யச் சொல்லித் தருகிறது. பென், ஜெரி என்ற இரு நண்பர்கள் 5 டாலர் கட்டி அதன் அஞ்சல்வழிப் பாடத்தைப் படித்துவிட்டு, 1978இல் ஒரு பழைய பெட்ரோல் பங்கில் கடை போட்டார்கள். அவர்கள் பெயரிலேயே இன்று உலகம் முழுக்க அந்த ஐஸ்கிரீம் விற்கிறது. நம் பல்கலைக்கழகப் பால்பண்ணைகளும் மாணவர்களுக்குப் பகுதிநேரச் சம்பள வேலை தந்தால் என்ன? சான்றிதழைவிட அந்த அனுபவம் வேலைக்கு உதவும் என்பது என் எண்ணம்.

★

ஆவினில் ஆலை வேலையின் அடிப்படைப் பதவிக்கு வைத்திருக்கும் பெயர் 'சீனியர் ஃபேக்டரி அசிஸ்டென்ட்'. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. தேறியவர்களை இதற்கு எடுப்பது வழக்கம். விழுப்புரத்திலேயே ஆவின் பால்பண்ணை இருப்பதால், ஒலக்கூர்க்காரர்கள் அறிவிப்பு வருகிறதா என்று ஒரு கண் வைத்திருக்கலாம்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. பால்வளத் தொழில்நுட்ப பி.டெக். படிப்புக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். கால்நடைப் பல்கலைக்கழகம் இதற்குத் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது. ரிசல்ட் வந்ததும் என்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு மட்டும் பதிந்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். கடைசித் தேதியைப் பார்த்து இதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள்.