சாய்வது வேறு, குனிவது வேறு!

தீபாவளி என்றால் பட்டாசு. பட்டாசு என்றால் சிவகாசி!

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊரில் இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா சென்றார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இன்று சிவகாசிப் பட்டாசு நாடெங்கும் செல்கிறது.

பட்டாசு கொளுத்தும்போது செய்யக்கூடாத ஒன்றை ஆங்கிலத்தில் "லீன் ஓவர்" என்பார்கள். "லீன்" என்றால் சாய்வது. சுவரில் சாய்வதும் லீன்தான். அதற்காக, "பட்டாசின் மேல் சாயாதே" என்று எழுதலாமா? சாய்ந்து கொள்ள அது என்ன திண்ணைத் தூணா? "பட்டாசின் மேல் குனியாதே" என்பதே சரி. "ஓவர்" சேர்ந்ததும் பொருள் மாறிவிட்டது!

எதிர்வீட்டுக்கு ராக்கெட்!

நேராக நிற்கும் பொருள் ஒரு பக்கம் சாய்ந்தால் அது "டில்ட்". ராக்கெட் வைத்த பாட்டில் அப்படிச் சாய்ந்தால், ராக்கெட் வானத்துக்குப் போகாது. எதிர்வீட்டுக் கூரைக்குப் போகும்!

"ஸ்டூப்" என்றால் முதுகை வளைத்துக் குனிவது. "பௌ" என்றால் மரியாதைக்காகத் தலை வணங்குவது. மனம் ஒரு பக்கம் சாய்வதற்கு "இன்க்ளைன்" என்பார்கள்.

நம் தமிழும் சளைத்ததல்ல. சுவர் சாயும், மண் சரியும், கிளை வளையும், தலை குனியும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் பொருள் கெடும்.

கண் பத்திரம்!

பட்டாசு விஷயத்தில் பொருள் கெட்டால் கண்ணே போய்விடும். எனவே, கையை நீட்டி, முகத்தை விலக்கிப் பற்ற வையுங்கள். வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்க்காதீர்கள். சற்றுப் பொறுத்து, எட்ட நின்று தண்ணீர் ஊற்றுங்கள்!