கைது செய்ய வருவோர் காலை 10 மணிக்கு வரவும்!

லண்டன் ஸ்டோன்கட்டர் தெருவில் ஒரு புத்தகக் கடை. 1877 மார்ச் 24, சனிக்கிழமை மாலை 4 மணி. உள்ளே எட்டிப் பார்க்கலாம், வாங்க! நின்று விற்பவர்கள் கடைப் பையன்கள் இல்லை. ஊர் ஊராக நாத்திகம் முழங்கிய சார்லஸ் பிராட்லாவும் அவருடைய தோழர் அன்னி பெசன்ட்டும்! ஆமாம், பின்னாளில் நம் அடையாறுக்கு வந்த அதே பெசன்ட் அம்மையார்தான். விலை ஆறு பென்ஸ். முதல் 20 நிமிடத்தில் 500 பிரதிகள் காலி!

அப்படி என்ன புத்தகம்? அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் எழுதிய கருத்தடைக் கையேடு. பல வருஷமாகச் சத்தமில்லாமல் விற்றுவந்தது. பிரிஸ்டலில் அதை விற்ற கடைக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. பதிப்பாளரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒதுங்கினார். பிராட்லா விடுவாரா? பெசன்ட்டுடன் சேர்ந்து புதுப் பதிப்பகமே தொடங்கி, புத்தகத்தை மறுபடி அச்சிட்டார்.

திரைக்குப் பின்னால் நடந்ததுதான் அமர்க்களம்! முந்தின நாளே இருவரும் நேரில் போய், கில்டுஹால் நீதிமன்றத் தலைமை எழுத்தர், நகரப் போலீஸ் அதிகாரி, நகர அரசு வழக்கறிஞர் என்று ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். கூடவே ஓர் அறிவிப்பு: நாளை 4 முதல் 5 வரை நாங்களே விற்கிறோம். அதோடு, கைது செய்ய வசதியாகத் தினமும் காலை 10 முதல் 11 வரை கடையில் இருக்கவும் சம்மதித்தார்கள்!

பிராட்லாவுக்கு இது புதுசில்லை. 1868-ல் அவருடைய ‘நேஷனல் ரிஃபார்மர்’ வார இதழிடம் அரசு ஜாமீன் கேட்டது. அவர் கட்டவில்லை. மகாராணியின் அரசை மீறி வெளியாகிறது என்று இதழிலேயே அச்சடித்தார். அடுத்த வருஷமே இதழ்களிடம் ஜாமீன் கேட்கும் சட்டம் ரத்து!

புத்தகம் ஆபாசம் என்று தொடரப்பட்ட வழக்கில் வக்கீல் வைக்காமல் இருவரும் தாங்களே வாதாடினார்கள். ஆறு மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம் என்று தீர்ப்பு. ஆனால், 1878 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் எல்லாம் ரத்தானது. காரணம்? ஆபாசமான சொற்கள் எவை என்று குற்றச்சாட்டில் குறிப்பிடவே இல்லை! இதற்குள், வழக்கின் புண்ணியத்தில் விற்பனை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

1880-ல் நார்தாம்ப்டன் மக்கள் பிராட்லாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கடவுள் பெயரில் எடுக்க வேண்டிய சத்தியப் பிரமாணத்தை நாத்திகர் எடுக்கலாமா என்ற சண்டையில், இருக்கையில் நிலையாக அமர ஆறு வருஷம் ஆனது. கடவுள் பெயர் சொல்லாமலே உறுதிமொழி எடுக்கலாம் என்ற 1888-ம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்ததுதான். ஒளிந்து மீறியிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். வெளிப்படையாக மோதியவர் காலத்தில் ஜாமீன் சட்டமும் உறுதிமொழிச் சட்டமும் மாறின.