எட்கார்டோ மொர்தாரா: பெற்றோர் அறியாத ஞானஸ்நானம்

1858 ஜூன் 24 அன்று, இத்தாலியில் பாப்பரசர் ஆட்சியிலிருந்த போலோக்னா நகரில், ஆறு வயது யூதச் சிறுவன் எட்கார்டோவைப் பாப்பரசரின் காவலர்கள் வீட்டிலிருந்து பறித்துச் சென்றார்கள். கைக்குழந்தையாக அவன் நோயுற்றிருந்தபோது, பிழைக்கமாட்டான் என்று பயந்து தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்ததாக வீட்டுப் பணிப்பெண் சொல்லியிருந்தாள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையை யூதர் வளர்க்கக்கூடாது என்பது பாப்பரசர் நாட்டுச் சட்டம். சட்டப்படி நடந்ததைக் குறைசொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பெற்றோர் சம்மதமின்றி யூதக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் திருச்சபையே தடைசெய்திருந்தது; சாகும் தறுவாய்க்கு விலக்கு உண்டு. அந்த நோய் உயிருக்கு ஆபத்தானதல்ல என்று 1860இல் இதுகுறித்து நடந்த விசாரணையில் குடும்ப மருத்துவர் சாட்சி சொன்னார்.

சட்டத்தைக் காட்டும் வாதத்தைவிடக் கனமான எதிர்வாதம் எட்கார்டோவின் வாழ்க்கையே. 1870இல் ரோம் இத்தாலியின் வசமாகி, தந்தை மகனைத் தேடி அங்கே வந்தபோது, எட்கார்டோ வீடு திரும்பாமல் ஆஸ்திரியாவுக்குச் சென்றார். குருவாகி, 1940இல் பெல்ஜியத்தில் இறக்கும்வரை கத்தோலிக்கராகவே வாழ்ந்தார். அந்த விசுவாசத்தைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அது ஒன்பதாம் பயஸ் பாப்பரசரின் பராமரிப்பில், தாய்தந்தையிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்தவரின் விசுவாசம். ஆறு வயதில் அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.