வாலை வெட்டினார்கள், வேகம் கூடியது!

இங்கிலாந்து கார் ஒன்று உடல் மாறி உலகப் பட்டம் வென்ற கதை

சில மோட்டார் கார்களின் பின்பக்கத்தில், டிக்கியின் மேல், குறுக்காக ஒரு பட்டை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு "ஸ்பாய்லர்" என்று பெயர்.

"இது எதற்கு?" என்று கேட்டால், "அழகுக்கு" என்றுதான் பலரும் சொல்வார்கள்.

அழகுக்காக வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் 1964-ம் ஆண்டில், இப்படிப்பட்ட ஒரு பட்டை, காரை ஓட்டியவரின் உயிருக்குக் காவலாக நின்றது. ஒரு பெரிய பட்டத்துக்கும் வழி திறந்தது.

அந்தக் கதையைக் கேளுங்கள்.

சாமான் வண்டிக் கம்பெனி

லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில், தேம்ஸ் டிட்டன் என்று ஓர் ஊர். அங்கே "ஏ.சி." என்ற மோட்டார் கம்பெனி இருந்தது.

தொடக்கத்தில் அவர்கள் செய்தது பந்தயக் கார் அல்ல. கடைக்காரர்கள் வீடுகளுக்குச் சாமான் அனுப்பும் மூன்று சக்கர வண்டி! அதன் பெயர் "ஆட்டோ கேரியர்". இந்த இரண்டு சொற்களின் முதல் எழுத்துக்கள்தான் "ஏ.சி.".

1953-ல் அதே கம்பெனி "ஏஸ்" என்ற அழகான கார் ஒன்றை வெளியிட்டது. கூரை கிடையாது. இரண்டு பேர் உட்காரலாம். இரும்புக் குழாய்களால் ஆன அடிச்சட்டம். அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டால் ஆன உடல். எடை மிகக் குறைவு.

ஆனால் 1961-ல் கம்பெனிக்குச் சோதனை வந்தது. அவர்களுக்கு நல்ல என்ஜின் கொடுத்து வந்த பிரிஸ்டல் கம்பெனி, அந்த என்ஜினைச் செய்வதை நிறுத்தியது.

கார் இருக்கிறது, என்ஜின் இல்லை!

கோழிப் பண்ணைக்காரர்

அப்போது அமெரிக்காவில் இருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் கரோல் ஷெல்பி.

அவர் டெக்சாஸ் மாநிலத்துக்காரர். முதலில் கோழிப் பண்ணை வைத்திருந்தார். நோய் வந்து கோழிகள் செத்தன. பண்ணை திவாலானது. பிறகு கார்ப் பந்தயத்தில் இறங்கினார்.

1959-ல், பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் வெற்றி பெற்றார். ஆனால் அவருக்கு இதய நோய் இருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு கார் ஓட்டினார் என்றால் பாருங்கள்! 1960-ல் பந்தயத்தை விட்டு விலகினார்.

"நான் ஓட்ட முடியாது. என் காராவது ஓடட்டும்" என்பது அவர் எண்ணம்.

"உங்கள் காரில் அமெரிக்க என்ஜினைப் பொருத்தலாமா?" என்று ஏ.சி. கம்பெனியைக் கேட்டார். கம்பெனி சம்மதித்தது. போர்டு கம்பெனி என்ஜின் கொடுத்தது.

1962-ல் புதிய கார் பிறந்தது. அதற்கு "கோப்ரா" என்று பெயர் வைத்தார். கோப்ரா என்றால் நாகப்பாம்பு! இந்தப் பெயர் தமக்குக் கனவில் வந்தது என்று ஷெல்பி சொல்வார்.

காற்று தடுத்தது

நாகப்பாம்பு பாய்ந்து சென்றது. வளைவுகள் நிறைந்த பாதையில் அதை முந்துவது கடினமாக இருந்தது.

ஆனால் நீண்ட நேர் பாதையில்? அங்கேதான் தொல்லை. மணிக்கு 160 மைலை (சுமார் 257 கிலோ மீட்டர்) நெருங்கியதும் கார் திணறியது. இத்தாலி நாட்டுப் பெராரி கார்கள் சர்ரென்று முந்திப் போயின.

என்ஜினில் குறை இல்லை. குறை உடலில் இருந்தது.

எதிர்க்காற்றில் சைக்கிள் ஓட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் நகராது. காருக்கும் அதே கதிதான். வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் தடை நான்கு மடங்கு ஆகும்! கூரை இல்லாத கோப்ரா, காற்றோடு மல்லுக்கட்டியே தன் பலத்தை இழந்தது.

வாலிபரின் திட்டம்

ஷெல்பியிடம் பீட்டர் பிராக் என்ற வாலிபர் வேலை பார்த்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. அவர் ஒரு யோசனை சொன்னார்.

"பந்தய விதிப்படி அடிச்சட்டத்தை மாற்றக் கூடாது. ஆனால் மேல் உடலை மாற்றலாம். காற்று வழுக்கிச் செல்லும்படி, கூரை போட்டுப் புது உடல் செய்வோம்" என்றார்.

அவர் வரைந்த படத்தைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தனர். காரணம், காரின் வால். அது கத்தியால் நறுக்கியது போல மொட்டையாக இருந்தது!

காற்றில் எளிதாகச் செல்ல மீன் போன்ற வடிவம் நல்லது. முன்னால் உருண்டு, பின்னால் நீண்டு கூராக முடிய வேண்டும். ஆனால் அவ்வளவு நீளமான வாலோடு கார் ஓட்ட முடியுமா?

இதற்கு ஜெர்மனியில், 1930-களிலேயே, காம் என்ற பேராசிரியரும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் விடை கண்டிருந்தனர். வாலைப் பாதியில் வெட்டிவிட்டாலும், வால் இருப்பது போலவே காற்று வழுக்கிச் செல்கிறது. பலன் ஏறக்குறைய அதேதான். நீளம் குறைகிறது, எடையும் குறைகிறது.

இந்த ஆராய்ச்சியைப் பிராக் படித்திருந்தார். மற்றவர்கள் நம்பவில்லை. விமான நிபுணர் ஒருவரும் "இது தேறாது" என்று சொல்லிவிட்டார்.

நம்பியவர் ஒருவர் உண்டு. அவர் கென் மைல்ஸ். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கார்களை ஓட்டிச் சோதிப்பது அவர் வேலை.

தகடு உருவான விதம்

அடிபட்டுக் கிடந்த ஒரு கோப்ராவின் அடிச்சட்டத்தை எடுத்தனர். மரப் பலகைகளை அறுத்து, புதிய உடலின் வடிவத்தில் கூடு கட்டினர். அந்தக் கூட்டுக்கு ஏற்றபடி அலுமினியத் தகடுகளை வளைத்தனர். நம் ஊர்ப் பாத்திரக்காரர் அண்டாவை உருட்டி எடுப்பது போல, தட்டித் தட்டி உருவாக்க வேண்டிய வேலை அது. பிறகு துண்டுகளை ஒன்றாக இணைத்தனர்.

பின்பக்கத்தில் ஏற்றி இறக்கக்கூடிய ஓர் இறக்கை வைக்கப் பிராக் விரும்பினார். ஆனால் நேரம் இல்லை. இறக்கை இல்லாமலேயே கார் வெளியே வந்தது.

1964 பிப்ரவரியில் கென் மைல்ஸ் அதைக் கலிபோர்னியாவில் ரிவர்சைடு பாதையில் ஓட்டினார். மணிக்கு 180 மைலைத் தாண்டியது! என்ஜின் பழையதுதான். உடல்தான் புதிது.

சிரித்தவர்கள் வாய் மூடினர்.

அதே மாதம் டேடோனா என்ற ஊரில் முதல் பந்தயம். கார் முன்னணியில் ஓடியது. ஆனால் பெட்ரோல் போட நிறுத்தியபோது தீப்பிடித்தது. வெற்றி நழுவியது. அந்த ஊரின் பெயரே காருக்கு நிலைத்தது: "டேடோனா".

பறக்கப் பார்த்த கார்

1964 மே மாதம் பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்ற இடத்தில் பந்தயம். பாதையின் நீளம் சுமார் 14 கிலோ மீட்டர். பக்கத்தில் வீடுகள், மரங்கள், வேலிகள். தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

காரை ஓட்டியவர் பில் ஹில். 1961-ல் உலக சாம்பியன் பட்டம் பெற்ற வீரர். அவரே கலங்கிப் போனார். முழு வேகத்தில் காரின் பின்பக்கம் தரையில் ஒட்டவில்லை. இங்கும் அங்கும் அலைந்தது!

காரணம் என்ன? விமானத்தின் இறக்கையை எண்ணிப் பாருங்கள். அதன் மேற்புறம் வளைந்திருக்கும். வளைவின் மேல் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. இறக்கை மேலே எழும்புகிறது. காரின் வளைந்த கூரையும் அதே வேலையைச் செய்தது. பின்பக்கம் லேசாகித் தூக்கப் பார்த்தது. டயர்களின் பிடி குறைந்தது.

விமானம் எழும்பலாம், கார் எழும்பலாமா?

உடனே மெக்கானிக்குகள் ஒரு வேலை செய்தனர். அலுமினியத் தகட்டில் ஒரு பட்டை வெட்டினர். மொட்டை வாலின் விளிம்பில் அதை நிறுத்தி வைத்தனர். அதுதான் ஸ்பாய்லர்!

கூரை மேல் ஓடி வந்த காற்று அந்தப் பட்டையில் மோதித் தேங்கியது. வாலின் மேல் அழுத்தம் கூடியது. பின் சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொண்டன.

பில் ஹில் மீண்டும் ஏறினார். பெட்ரோல் குழாயில் அடைப்பு ஏற்பட்டதால் வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் அந்த வகைக் கார்களில் அதுவரை யாரும் ஓட்டாத வேகத்தில் அவர் பாதையைச் சுற்றி வந்தார்.

மற்றொரு பக்கம்

அதே ஆண்டு, தேம்ஸ் டிட்டனில் ஏ.சி. கம்பெனியும் கூரை போட்ட கார் ஒன்றைத் தனியாகச் செய்தது. ஜூன் மாதம், அதிகாலை நேரத்தில், எம்-1 நெடுஞ்சாலையில் அதை மணிக்கு 180 மைலுக்கு மேல் ஓட்டிச் சோதித்தனர். அப்போது அந்தச் சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லை. பத்திரிகைகள் கண்டித்து எழுதின. 1965 டிசம்பரில் மணிக்கு 70 மைல் என்ற கட்டுப்பாடு வந்தது.

அந்தக் காரின் கதை சோகத்தில் முடிந்தது. 1964 லெ மான் பந்தயத்தில் அது விபத்துக்கு உள்ளானது. வேடிக்கை பார்த்த மூன்று வாலிபர்கள் உயிர் இழந்தனர்.

பட்டம் கிடைத்தது

அதே லெ மான் பந்தயத்தில் டேடோனா காரை டான் கர்னியும் பாப் பாண்டுரண்டும் மாறி மாறி ஓட்டினர். இடையில் எண்ணெயைக் குளிரச் செய்யும் கருவி பழுதானது. ஆனாலும் 24 மணி நேரமும் ஓடி, தன் பிரிவில் முதல் இடம் பெற்றது. அந்தப் பிரிவின் பெராரிகள் பின்னால் நின்றன.

1964-ம் ஆண்டின் பட்டம் பெராரிக்கே போயிற்று. ஷெல்பி விடவில்லை. 1965 ஜூலை 4-ந் தேதி, பிரான்சில் ரீம்ஸ் நகரப் பந்தயத்தோடு அந்தப் பிரிவின் உலகப் பட்டம் அவர் கைக்கு வந்தது. அது அமெரிக்காவின் சுதந்திர தினம்!

முதலில் நம்பிய கென் மைல்ஸ் 1966 ஆகஸ்டில் இறந்தார். அதே ரிவர்சைடு பாதையில், வேறொரு புதுக் காரைச் சோதித்தபோது விபத்து நேர்ந்தது. ஷெல்பி 1990-ல் மாற்று இதயம் பெற்று, 2012 வரை வாழ்ந்தார்.

ஆறு கார்கள்

மொத்தம் ஆறு டேடோனா கார்கள்தான் செய்யப்பட்டன. பந்தயம் முடிந்ததும் அவற்றைச் சீந்துவார் இல்லை. சில ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். 2009-ல் அவற்றில் ஒன்று 70 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று!

முதல் காரை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு காட்சிச் சாலையில் வைத்திருக்கிறார்கள். 2014-ல், அமெரிக்காவின் சரித்திர வாகனப் பட்டியலில் முதல் எண் அதற்குத்தான் கிடைத்தது.

பழைய கார்களுக்குப் புது உடல் கட்டுகிறவர்களும், வாலில் பட்டை வைக்கிறவர்களும் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும் காருக்கு அந்தப் பட்டையால் ஆவது ஒன்றும் இல்லை. தவறான இடத்தில் வைத்தால், நல்ல காரும் கெட்டுப் போகலாம். வைக்கும் முன், "காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று விஷயம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.