ஒரு ஜோடிக்கு எவ்வளவு?

காட்பாடியிலிருந்து ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, பி.எஃப். பிடித்தம் எல்லாம் அதில் இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அதே மாதிரி ஷூவுக்கு அப்பர் தைப்பவருக்குச் சீட்டு கிடையாது. ஏஜென்ட் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார். ஜோடிக்கு இத்தனை ரூபாய், அவ்வளவுதான். குறைந்தபட்சக் கூலி ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா என்று கேட்பவர்கள் முதலில் இந்த இருவரையும் பார்க்க வேண்டும்.

கூலியின் அடிமட்டம் உயர்ந்தால் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்குமான இடைவெளி சுருங்கும். பிரேசிலில் 1996 முதல் 2018 வரை குறைந்தபட்சக் கூலி, விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும், இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அங்கே வருமான ஏற்றத்தாழ்வு குறைந்ததில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. பதிவில்லாத பட்டறைகளில்கூட அரசு அறிவித்த தொகையை வைத்தே கூலி பேசினார்கள்.

இங்கே சட்டத்துக்குக் குறைவில்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோல் தொழிலைத் தொடக்கத்திலேயே தன் பட்டியலில் வைத்திருந்தது. பொருளை வீட்டுக்கு வாங்கிப்போய்ச் செய்து தருபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. எண்ணிக்கைக்குத் தரும் கூலி, அதாவது பீஸ் ரேட், தனியாக நிர்ணயிக்கப்படவில்லை என்றால் நேரக் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்றும் 17ஆம் பிரிவில் எழுதியிருந்தது.

ஆனால் அந்த நேரத்தை யார் அளப்பது? ஒரு பேச்சுக்கு, நாள் கூலி 400 ரூபாய், எட்டு மணி நேரத்தில் 16 ஜோடி தைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஜோடிக்கு 25 ரூபாய் வர வேண்டும். 10 ரூபாய்தான் தருகிறார்கள் என்றால் நாளுக்கு 240 ரூபாய் போச்சு. அறுந்த நூலை மாற்றுவதும் மூட்டைக்குக் காத்திருப்பதும் இதில் சேராது.

கூலியை ஏற்றினால் கம்பெனிகள் வேலையை வெளியே தள்ளிவிடும் என்று முதலாளிகள் சொல்வது வெறும் மிரட்டல் அல்ல. வெளியே கணக்குப் பார்ப்பார் இல்லாதவரை அது நடக்கும். கேட்டுக்கு உள்ளே ஏறும் கூலி வெளியே இருப்பவருடனான இடைவெளியைக் கூட்டவே செய்யும். ஆகவே உள்ளே கூலி உயரும்போதெல்லாம் பீஸ் ரேட்டும், நேரத்தை அளந்து, உயர வேண்டும்.

1948 சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைகூலிக்கு உரிமை கோரும் கெடுவை மூன்று ஆண்டாக்கியிருக்கிறது. வீட்டில் தைப்பவர்கள் தேதி, ஜோடி எண்ணிக்கை, கிடைத்த பணம், ஏஜென்ட் பெயர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோரிக்கை வைக்கும்போது கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.